பிள்ளைக்கு எண்ணை யார் தருவது?



பள்ளிக்கென மென்பொருள் எழுத முனையும் ஆசிரிய நண்பர்களிடையே ஒரு வினா அடிக்கடி எழுகிறது. மாணவர் அட்டவணைக்கு எதனை 'பிரைமரி கீ' எனப்படும் முதன்மைச் சாவியாக வைப்பது? அடையாள எண் இருக்கும்போது வேறோர் எண் எதற்கு என்பது பலரின் கருத்து. நான் அதனை ஏற்பதில்லை.

நம் நாட்டு அடையாள எண்ணில் 12 இலக்கங்கள் உள்ளன. முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம், பினாங்கிற்கு 07. கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். இதையே சாவியாக்கினால், வருகை, தேர்வுப் புள்ளி, உணவுத் திட்டம் என எல்லா அட்டவணைகளிலும் பிள்ளையின் சொந்த விவரம் பரவிவிடும். ஓர் இலக்கம் பிழையாகப் பதிவானால் திருத்துவதும் பெரும்பாடு. ஜாவா நிரலைத் தரவுத்தள அட்டவணைகளோடு இணைக்கும் ஹைபர்னேட் போன்ற கருவிகள், சேமித்த பதிவின் சாவியை மாற்ற இடந்தருவதில்லை.

இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் நம் சமுதாயத்தில் இன்றும் உள்ளனர். முதன்மைச் சாவி வெறுமையாக இருக்கலாகாது என்பது தரவுத்தளத்தின் விதி. ஆகவே அப்பிள்ளையைக் கணினி ஏற்காது. அல்லது யாரேனும் பொய்யெண் ஒன்றை இட்டு நிரப்புவர். வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை பட்டியலில் இல்லாமற்போவது முறையாகுமா?

ஆதலால் எண்ணைத் தரவுத்தளமே வழங்கட்டும். மைஎஸ்கியூஎல்லில் 'ஆட்டோ இன்கிரிமென்ட்' உண்டு. பதிவு சேர்ந்த பின்னரே எண் தெரியும். போஸ்ட்கிரெஸில் 'சீக்வென்ஸ்' உண்டு. எண்ணை முன்கூட்டியே பெறலாம். நிரலில் 'ஜெனரேட்டட் வேல்யூ' என்று குறித்தால், மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும். வந்த வரிசைப்படி எண்ணிடுவது பள்ளிப் பதிவேடுகளுக்குப் புதிதன்று.

அப்படியானால் ஒரே பிள்ளை இருமுறை பதிவாகாதா எனக் கேட்கலாம். நியாயமான ஐயமே. அடையாள எண்ணைத் தனிப் பத்தியில் வைத்து, அதற்கு 'யுனிக்' என்ற கட்டுப்பாட்டை இடுங்கள். மேற்சொன்ன இரு தரவுத்தளங்களிலும் எண் உள்ளவர் இருமுறை வர இயலாது. எண் இல்லாதோர் எத்தனை பேராயினும் அக்கட்டம் வெறுமையாக இருக்கலாம்.

பத்திரம் கிடைக்கும் நாளில் அக்கட்டத்தை மட்டும் நிரப்பினால் போதும். அதுவரை சேர்ந்த வருகையும் புள்ளிகளும் அப்பிள்ளையின் பெயரிலேயே இருக்கும்.

மாற்றுக் கருத்துடையோர் எழுதுங்கள், கலந்துரையாடுவோம்.