1600984: எக்ஸெலில் போட வேண்டிய முதல் கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கியதும் எக்ஸெலில் நாம் போடுவது பால் கணக்கு, மளிகைக் கணக்கு; கீழே ஒரு ஆட்டோசம். பல பயிற்சி வகுப்புகளும் கூட்டலோடு நிறுத்திவிடுகின்றன. என்னைக் கேட்டால், வகுத்து மீதி காணும் 'மாட்' பங்ஷனைத்தான் முதலில் கற்றுத்தர வேண்டும். இதைச் சொல்ல அரியாங்குப்பத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு.

பக்கத்துப் புதுச்சேரியில் இருந்த பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி, ஜான் வாரன் 1825-இல் வெளியிட்ட 'காலசங்கலிதம்' நூலில் எழுதியிருக்கிறார். தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான அட்டவணைகளைக் கொண்டே அவர் சந்திர கிரகணத்தைக் கணித்தார். கிரகணத்தின் நடுவேளையில் வந்த பிசகு அரை மணிக்கும் குறைவு!

அவருடைய முறையை நீங்களே செய்து பாருங்கள். கி.மு. 3102 பிப்ரவரி 18-இல் கலியுகம் தொடங்கியதாகக் கொண்டு நாட்களை எண்ணுவார்கள். 2000 ஜனவரி 1 அன்று அந்த எண் 1863079. இதிலிருந்து 1600984-ஐக் கழிக்க வேண்டும். சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவில் நின்ற ஒரு நாளின் எண் அது. மீதம் 262095. இதை 12372-ஆல் வகுத்தால் மீதி 2283. அடுத்த வகுஎண் 3031. அது 2283-இல் போகாது. கடைசியாக 248-ஆல் வகுத்தால் மீதி 51. மனப்பாடமாக உள்ள 248 வாக்கியங்களில் 51-வதை எடுத்து, கழித்த சுற்றுகளுக்கு உரிய அளவுகளைக் கூட்டினால் சந்திரன் நிற்கும் இடம் தெரியும்.

நேராக 248-ஆல் வகுத்தால் என்ன என்று கேட்பீர்கள். மீதி 207 வரும், தப்பு. தொலைவிலிருந்து கிளம்பிய சந்திரன் மறுபடி அங்கே வர சுமார் 27.5546 நாள். ஒன்பது சுற்றுக்கு 248 நாள் ஆகச் சற்றே குறையும். அந்தத் துளி 1056 தடவை சேர்ந்தால் ஒன்பது நாளுக்கு மேல் பிசகிவிடும். 12372 நாளில் 449 சுற்று ஏறக்குறைய கச்சிதமாக முடிகிறது. அதனால்தான் பெரிய எண் முதலில். இன்னொரு வசதியும் உண்டு. முதல் வகுத்தலுக்குப் பிறகு 3031-க்கு ஈவு 4-ஐத் தாண்டாது, 248-க்கு 12-ஐத் தாண்டாது. சோழிக்கு இதைவிட என்ன வேண்டும்? பஞ்சாங்கம் என்றாலே மூடநம்பிக்கை என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிட்டுப் பேசட்டும்.

எக்ஸெலும் தேதியை நாள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 2000 ஜனவரி 1 அதற்கு 36526. ஒரு செல்லில் உங்கள் பிறந்த தேதியை டைப் செய்து, அடுத்த செல்லில் அதோடு 225569-ஐக் கூட்டுங்கள். கலி நாளிலிருந்து 1600984-ஐக் கழித்த விடை அதுவே. விடை தேதியாகத் தெரிந்தால் பார்மட்டை 'ஜெனரல்' ஆக்குங்கள். பிறகு மூன்று செல்களில் வரிசையாக மூன்று மாட். ஒரு எச்சரிக்கை: 1900-ஐ லீப் வருடம் என்று நினைத்து, இல்லாத பிப்ரவரி 29-ஐயும் எக்ஸெல் எண்ணுகிறது. தாத்தா பாட்டியின் பிறந்த நாளைப் போடுபவர்கள் 1900 மார்ச் 1-க்குப் பிந்தைய தேதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.