பேய் பேயாகவே இருக்கட்டும்

2024 ஆகஸ்டில் வெளியான ‘பிளாக் மித்: வூகோங்’ கணினி விளையாட்டின் ஆங்கிலப் பதிப்பிலும் ‘யாவ்குவாய்’ என்ற சீனச் சொல் அப்படியே நிற்கிறது. லண்டன் பிள்ளைகள் அதைச் சரளமாகச் சொல்கிறார்கள். விலங்கோ மரமோ ஆற்றல் பெற்று யாவ்குவாய் ஆகலாம். ‘மேற்குப் பயணம்’ நாவலில் அப்படிப் பழிக்கப்பட்ட குரங்கே முடிவில் புத்தராகிறது. ‘மான்ஸ்டர்’ புத்தராகுமா?

நாமோ, கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சிறுதெய்வங்கள்மீது குத்திய ‘டெவில்’ முத்திரையை இன்றும் சுமக்கிறோம். தன்னைக் ‘காரைக்கால் பேய்’ என்றே சொல்லிக்கொண்ட அம்மையாரை, இங்கே பிறந்த என் மகளுக்கு ‘டெவில்’ என்றா அறிமுகப்படுத்துவது? மொழிபெயர்ப்பாளர்களே, பேயைப் பெயர்க்காதீர்கள். யாவ்குவாயைக் கற்ற ஆங்கிலத்துக்குப் பேய் என்ன பெரிய பாடமா?