பாக்கெட்டில் ஓர் ஓட்டுத்துண்டு! பிள்ளைகளோடு ஆதிச்சநல்லூர் போறீங்களா?

புன்னக்காயலில் வளரும் பிள்ளைகளுக்குப் பொறுக்குவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரையில் ஒரு நடை போய்வந்தால் கை நிறைய சிப்பி, சோழி. ஆனால், கூழாங்கல் மட்டும் கிடைக்காது. பொதிகை மலையில் பிறந்து 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் தாமிரபரணி, கனமான கற்களை மேட்டுப்பகுதியிலேயே விட்டுவிடுகிறது. இங்கே கடலில் கலக்கும்போது அதன் கையில் இருப்பது மணலும் வண்டலும்தான். அதனால் வெளியூர் போனால் இந்தப் பிள்ளைகளின் கண் முதலில் தேடுவது கல்லைத்தான்.

அப்படி ஒரு குடும்பம், விடுமுறை நாளில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் வழியாக ஆதிச்சநல்லூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மா, அப்பா, தாத்தா, இரண்டு வாண்டுகள். 114 ஏக்கர் பரம்பில் சரளைக் கல்லோடு ஓட்டுத்துண்டுகளும் கலந்து கிடக்கின்றன. சின்னவன் ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்க்கிறான். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு.

"எப்பா, இதக் கொண்டு போவட்டா? ஸ்கூல்ல காட்டணும்."

இதற்குப் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் இரண்டு. ஒன்று, "சின்னத் துண்டுதானல, வச்சுக்கோ." இன்னொன்று, "போட்ருல, போலீஸ் பிடிச்சிரும்." இரண்டுமே பிள்ளைக்கு எதையும் சொல்லித்தருவதில்லை. மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. அது அந்த மண்ணின் கதை.

பெர்லினுக்குப் போன பொருள்கள்

1876-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜாகர் என்பவர் இங்கே தோண்டினார். கிடைத்த பொருள்களை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அடுத்து வந்த அலெக்சாண்டர் ரீ, 20-ம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள்வரை தோண்டி எடுத்த பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. தங்க நெற்றிப்பட்டம், இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பொருள்கள் எல்லாம் அதில் அடக்கம். எடுத்தவர்கள் பத்திரமாகத்தான் வைத்தார்கள். ஆனால், சொந்த ஊர்ப் பிள்ளைகள் அவற்றைப் பார்க்க சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். பெர்லினுக்குப் போனவற்றை எத்தனை பேரால் பார்க்க முடியும்?

இந்த ஏக்கத்துக்கு ஓரளவு பதிலாக வந்ததுதான் இப்போதைய ஏற்பாடு. 2020 மத்திய பட்ஜெட்டில், அருங்காட்சியகம் அமைக்கத் தேர்வான ஐந்து தொல்லியல் இடங்களில் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 5-ல் 'உள்ளது உள்ளபடியே' காட்டும் அருங்காட்சியகம் இங்கே திறக்கப்பட்டது. தோண்டிய குழியில் முதுமக்கள் தாழிகள் அப்படியே இருக்க, மேலே போட்ட கண்ணாடி வழியாகக் குனிந்து பார்க்கலாம். பொருள் இடம் மாறவில்லை. அதைப் பார்க்க நாம்தான் வருகிறோம்.

இடம் மாறினால் என்ன போச்சு?

ஓட்டுத்துண்டுக்குத் தனியாக விலை கிடையாது. அது எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பு. பக்கத்தில் இருக்கும் சிவகளையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் தெரிந்தது. அதாவது சுமார் 3,200 ஆண்டுகள். நெல் அந்தத் தாழிக்குள்ளேயே இருந்ததால்தான் இரண்டையும் சேர்த்துப் பேச முடிந்தது. யாரோ ஒருவர் முன்பே அள்ளிப் பையில் போட்டிருந்தால், அது வெறும் உமி.

சின்னவன் கையில் இருக்கும் துண்டும் அப்படித்தான். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத உள்பக்கம் கறுக்கும். காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும். அந்தத் தொழில்நுட்பம் தெரிந்த குயவர் இங்கே வாழ்ந்தார் என்பதற்கு அது சாட்சி. புன்னக்காயல் வீட்டு அலமாரிக்குப் போய்விட்டால், சாட்சி சொல்ல ஆள் இருக்காது.

"ஒண்ணுதானே" என்று எல்லோரும் நினைப்பதுதான் சிக்கல். அமெரிக்காவின் அரிசோனாவில், கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. அங்கே துண்டுகளை எடுத்துப் போனவர்கள், பல ஆண்டுகள் கழித்து மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால், எந்த இடத்தில் எடுத்தது என்று தெரியாததால், அவற்றைப் பழைய இடத்தில் வைக்க முடிவதில்லை. பூங்காவில் தனியாக ஒரு குவியலாகக் கிடக்கின்றன.

பெற்றோர் கவனத்துக்கு

* ஆதிச்சநல்லூர் பரம்பு, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. 100 ஆண்டுகளைக் கடந்த தொல்பொருள்களுக்கு 1972-ம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது.

* கடற்கரையில் ஒதுங்கிய சாதாரணச் சிப்பி வேறு, பவளம் வேறு. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்க வேண்டாம், கடையில் விற்றாலும் வாங்க வேண்டாம்.

* ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அனுப்புங்கள். பிடித்த பானையை வரையச் சொல்லுங்கள். போட்டோ எடுப்பதைவிட, வரையும்போது பிள்ளைகள் நிறைய கவனிப்பார்கள்.

* கிளம்பும் முன், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாளா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் பொறுக்கும் ஆசை போகாது, போகவும் வேண்டாம். பழைய செருப்பு டப்பா ஒன்றை எடுத்துக் கொடுங்கள். வீட்டுப் பக்கம் கிடைக்கும் சிப்பி, உடைந்த ஓடு, ஆற்று மணல் என்று எதை வைத்தாலும் பக்கத்தில் ஒரு சீட்டு வேண்டும். எங்கே கிடைத்தது, என்றைக்கு, யார் எடுத்தது. அந்த மூன்று வரி எழுதும் பழக்கம் வந்துவிட்டால், அருங்காட்சியகத்தில் பொருளுக்குக் கீழே எழுதியிருப்பதையும் அவர்களே நின்று படிப்பார்கள்.

சின்னவன் என்ன செய்தான்? எடுத்த இடத்திலேயே ஓட்டைத் திரும்ப வைக்க வேண்டும். "எந்த இடம்னு ஞாபகம் இருக்கால?" என்று தாத்தா கேட்டால், அவன் கொஞ்சம் திணறத்தான் செய்வான். அந்தத் திணறலே அன்றைய பாடம்.