இடிந்தது விடுதி மட்டுமன்று

பழைய கட்டடம் ஒன்று இடிக்கப்பட்டால் தமிழர்க்கு என்ன இழப்பு என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். பெங்களூரில் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நம்மவர் இவ்வாறு கேட்பது பொருந்தாது என்பதே நம் துணிபு. அதற்குச் சான்றாக, ரெசிடென்சி சாலையில் நின்று மறைந்த விக்டோரியா ஓட்டலை எடுத்துக்கொள்வோம்.

ஓட்டல் என்றதும் நம் நினைவுக்கு வருவன இட்டலியும் காப்பியும். இதுவோ பயணிகள் தங்கும் விடுதி. ஓங்கிய மரங்கள் நிழல் பரப்ப, அகன்ற தோட்டத்தின் நடுவே பழைய பங்களாவாக அது நின்றது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தரைமட்டமாயிற்று. 2004-ஆம் ஆண்டு அவ்விடத்தில் பல்மாடி அங்காடி ஒன்று திறக்கப்பட்டது.

“வெள்ளையன் அரசியின் பெயர் தாங்கிய விடுதிக்கு நாம் ஏன் அழ வேண்டும்?” என்பது முதற்கேள்வி. பெயர் வெள்ளையருடையதுதான், உழைப்பு யாருடையது? 1809-இல் சீரங்கப்பட்டணத்திலிருந்து படை பெங்களூருக்கு மாறியபோது, அதன் பின்னே சென்னை மாகாணத்துத் தமிழர் பெருந்திரளாக வந்தனர். கொத்தரும் தச்சரும் சமையற்காரரும் பட்லர்களும் சலவைத் தொழிலாளரும் தோட்டக்காரரும் பால்காரரும் அவருள் அடங்குவர். நம் மூத்தோர் ‘தண்டு’ என்றழைத்த அப்பகுதியின் பங்களாக்களும் விடுதிகளும் இவர்கள் கைப்பட எழுந்து, இவர்கள் கைப்பட நடந்தவை. இன்று உயர்நீதிமன்றமாக விளங்கும் அட்டாரா கச்சேரி 1868-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதனைக் கட்டும் பணியை ஏற்று நிறைவேற்றியவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். பலகையில் எழுதிய பெயரை மட்டும் பார்த்துச் சுவரை எழுப்பிய கையை மறப்பது அறிவுடைமையாகுமா?

“காலம் மாறும்; பழையன கழியத்தான் செய்யும்” என்பது அடுத்த வாதம். கழிதல் வேறு, கழித்தல் வேறு. 1887-இல் சிறு தங்குமனையாகத் தொடங்கிய வெஸ்ட் எண்ட் ஓட்டல், மரங்களோடும் தோட்டத்தோடும் இன்றும் வாணிகம் செய்கிறது. பழமையும் வருவாயும் ஒரே முற்றத்தில் வாழலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அட்டாரா கச்சேரியையும் 1980-களில் இடிக்க முனைந்தனர். குடிமக்கள் எதிர்த்து நின்றனர், கட்டடம் பிழைத்தது. விக்டோரியாவைக் காக்க அத்தகைய எதிர்ப்பு எழவில்லை. மும்பை மாநகரம் 1995-லேயே மரபுக் கட்டடங்களுக்கென விதிகளை வகுத்துக்கொண்டது. இங்கோ தனியார் நிலத்தில் நின்ற அவ்விடுதிக்கு அத்தகைய காப்பு வாய்க்கவில்லை. நிலத்தின் விலை ஏறியது. கட்டடத்தின் விதி முடிந்தது. புதுமையேனும் நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. அங்காடியைத் தொடங்கிய வணிகக் குழுமத்தின் முதன்மை நிறுவனம் 2022-இல் நொடிப்புத் தீர்ப்பாயத்தின் முன் நின்றது. இருபது ஆண்டும் தாங்காத வணிகத்திற்காக, மீண்டும் பெற இயலாத ஒன்றை நகரம் பறிகொடுத்தது.

மறைந்த விடுதிகளுக்காக ஆங்கிலத்தில் கண்ணீர் வடிப்போர் உண்டு. அவர்தம் நினைவுக் குறிப்புகளில் மாலைநேரத் தோட்டமும் குளிர்ந்த பானமும் பழகிய நண்பரும் தவறாது வருவர். உணவு சமைத்தவரும் தட்டெடுத்தவரும் பெரும்பாலும் பெயரற்றவராகவே வந்து போவர். தமிழ்ச் சங்கங்களின் மேடைகளிலோ மூவேந்தர் புகழுக்குக் குறைவில்லை. தண்டின் அடுப்படியில் நின்ற பாட்டனுக்கு ஒரு பக்கமும் இல்லை. இவ்விரு மறதிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இது வெறும் பழங்கதை ஆர்வமன்று. 1991 திசம்பரில் காவிரிப் பூசலையொட்டி இந்நகரில் தமிழர் தாக்கப்பட்டதை நாம் அறிவோம். பல குடும்பங்கள் ஊரைவிட்டே ஓடின. “நீங்கள் எப்போது வந்தவர்கள்?” என்ற கேள்வி அன்று கல்லோடு சேர்ந்து வந்தது. அதற்கு விடை சொல்லும் சாட்சிகள் இந்நகரத்துச் சுவர்களே. அவை ஒவ்வொன்றாக விழும்போது நாம் நேற்று வந்தவராகவே எண்ணப்படுவோம்.

கல்லில் எழுதியதை மண் மூடினாலும் காலம் காட்டிக்கொடுக்கும். ‘பெங்களூர்’ என்ற பெயரை நமக்குத் தருவது பேகூரிலுள்ள ஒன்பதாம் நூற்றாண்டுக் கன்னட வீரக்கல். டொம்லூர்ச் சொக்கநாதர் கோயிலிலோ தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இவ்வட்டாரத்துக் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் 1905-இல் தொகுத்து அச்சிட்டமையால் அவை யாவர்க்கும் கிட்டின. கன்னடக் கல்லும் தமிழ்க் கல்லும் ஒரே மண்ணில் நிற்கின்றன. ஒன்றைச் சொல்வதற்கு மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை. கன்னட நண்பர்களோடு உரிமைப் போர் தொடுக்கவும் நாம் இதனைச் சொல்லவில்லை. நகரத்தின் கதை இருவர்க்கும் பொது. அதில் நம் பங்கை எழுதும் கடமை நம்முடையது.

ஆதலின் நம் சங்கத்தாரிடம் நாம் வேண்டுவது இதுவே. அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன் பகுதிகளில் முதியோர் இன்னும் இருக்கின்றனர். விடுதிகளிலும் பங்களாக்களிலும் பணிபுரிந்தவர், அவர்தம் மக்கள் ஆகியோர் சொல்வதைக் கேட்டு எழுதுக. பெட்டியடியில் கிடக்கும் பணிச் சான்றிதழையும் நிழற்படத்தையும் படியெடுத்துச் சங்க நூலகத்தில் வைக்க. இனியொரு கட்டடத்தின் மேல் கடப்பாரை ஓங்கப்படும்போது, அங்கு உழைத்தோர் பெயர்ப்பட்டியலோடு சென்று வாயிலில் நின்று கேட்க. விக்டோரியா போயிற்று, அதன் மரத்தையும் சுவரையும் மீட்க இயலாது. மிஞ்சியிருப்பது மனிதர் நினைவு ஒன்றே. அதையும் கேளாது விட்டால், இடித்தவர் வெளியே இல்லை. நம் வீட்டிற்குள்ளேயே இருக்கிறார்.