ஒளித்து வைத்த ஆம்ப்ளிஃபயரும் 182ஏ பிரிவும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் இறுக்கிப் பிடித்தது. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லையேல் இரண்டும் என்கிறது. வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி கட்டமைப்பில் கை வைப்பதுதான் மாற்றம் என்று 52ஆம் பிரிவின் விளக்கம் வரையறுக்கிறது. டிக்கியில் நான்கு திருகாணியில் நிற்கும் ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபர் பெட்டியும் அதற்குள் வரா என்பது இவ்விதழின் நிலைப்பாடு. ஆனால் சாலையில் நிறுத்தும் அதிகாரியிடம் விளக்கத்தைப் படிக்கச் சொல்ல எந்த வண்டிக்காரருக்குத் துணிவு வரும்? அதனால் பெட்டி ஒளிந்துகொள்கிறது. ஸ்டெப்னிக்குப் பின்னாலும் சீட்டுக்கு அடியிலும் ஒளித்து வைக்கப்பட்ட ஆம்ப்ளிஃபயரிலிருந்துதான் இன்றைய பழுதுகள் பலவும் தொடங்குகின்றன.

வைரமுடி சேவைத் திருவிழாவுக்கு மைசூரிலிருந்து வரும் கார் ஜக்கனஹள்ளி தாண்டி மேல்கோட்டை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முனகும்போது, ஸ்பீக்கரிலும் ஒரு விசில் கூடவே ஏறினால் அது ஆல்டர்னேட்டர் இரைச்சல். இன்ஜின் வேகத்தோடு சுருதி மாறாத உறுமல் வேறு வகை. அதற்கு கெயின், அறுந்த ஷீல்டு, தளர்ந்த நம்பர் பிளேட் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். விசிலுக்கு, செட்டை அணைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கம் ஆர்.சி.ஏ. கேபிளைக் கழற்றி, அங்கே ஷார்ட்டிங் பிளக்கைச் செருகி மீண்டும் போட வேண்டும். விசில் நின்றால் கோளாறு கேபிளிலோ ஹெட் யூனிட்டிலோ இருக்கிறது. நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் சப்ளையிலோ எர்த்திலோ இருக்கிறது. பாட்டு ஓடும்போதே ஆர்.சி.ஏ.யைப் பிடுங்கினால் சில ஹெட் யூனிட்களில் ஷீல்டு பக்கத்துச் சிறு ஃப்யூஸ் போய்விடும். பழுது பார்க்க வந்த இடத்தில் புதுப் பழுது. அது போயிருக்கிறதா என்றறிய, ஹெட் யூனிட்டின் உடலிலிருந்து ஆர்.சி.ஏ.யின் வெளி வளையத்துக்கு ஒரு ஒயரைத் தொட்டால் போதும். விசில் அடங்கினால் போயிருக்கிறது என்று பொருள்.

ஒளித்து வைப்பவர் பெயின்ட் சுரண்ட நேரமில்லாமல் சீட் போல்ட்டில் எர்த் கொடுக்கிறார். பவர் ஒயரையும் ஆர்.சி.ஏ.யையும் ஒரே பக்கம் இழுக்கிறார். ஓம் மீட்டர் இங்கே ஏமாற்றும், ஒற்றை இழை தொட்டாலும் பூஜ்யம்தான் காட்டும். பாஸ் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் இடையே வோல்ட் பார்ப்பதே சரியான முறை. 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தை வெறும் இரும்பில் புதிதாகப் போட வேண்டும். நாய்ஸ் ஃபில்டர் மாட்டி அனுப்புவது நோயை மூடி வைப்பதே தவிர வைத்தியம் ஆகாது.

சத்தமே இல்லாத வண்டியில் வேலை குறைவு. பவர் முனையில் இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட், ரிமோட் ஒயரில் 12 வோல்ட்டை ஒட்டிய அளவு, நல்ல எர்த் ஆகிய மூன்றும் இருந்தும் புரொடெக்ட் விளக்கு எரிந்தால் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிப் பார்க்கலாம். அப்போது விளக்கு அணைந்தால் கோளாறு சப்வூஃபர் பக்கம். 4 ஓம் காயில் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். எண்ணே வராவிட்டால் காயில் எரிந்திருக்கிறது. 2 ஓம் வரை மட்டுமே தாங்கும் ஆம்ப்ளிஃபயரில் இரண்டு 2 ஓம் காயில்களை இணையாகக் கட்டியவர்களும் இதே விளக்கைத்தான் பார்ப்பார்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் காற்றில்லாமல் வெந்து அணைந்து, ஆறியதும் தானே பாடும் ஆம்ப்ளிஃபயரில் எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டியதில்லை. இடத்தை மாற்றினால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலானது ஃப்யூஸ். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் அது இருந்தாக வேண்டும். பானெட்டைத் திறந்தால் கண்ணில் படுமே என்ற பயத்தில் அதையும் டிக்கிக்குத் தள்ளுகிறார்கள். அப்போது ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் இல்லாமல் உரசும் ஒயருக்குக் காவல் இல்லை. உறை கிழிந்து இரும்பைத் தொட்டால் பேட்டரியின் முழுப் பலமும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். 4 கேஜ் என்று அச்சடித்து விற்கும் கிட்களிலோ பல, தாமிரம் பூசிய அலுமினியம். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அதே தடிமனில் தாமிரம் கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்கைக் கூட அது கடத்தாது. பாஸ் விழும் ஒவ்வொரு முறையும் வோல்ட் சரிந்து ஆம்ப்ளிஃபயர் அணைவதற்குப் பாதிக் காரணம் அதுவே. இதையெல்லாம் எந்தச் சோதனைச் சாவடி கேட்கிறது? டிக்கியைத் திறந்து பெட்டி எத்தனை என்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு, ஃப்யூஸ் எங்கே என்று கேட்கத் தெரியவில்லை. உயிருக்கு ஆபத்தில்லாத பெட்டிக்குத் தண்டனை. தீப்பிடிக்கக் கூடிய ஒயர் பெட்டிக்கடையில் பகிரங்கமாகத் தொங்குகிறது. பயமுறுத்தி ஒளிக்க வைத்த அதிகாரமே, ஒளித்ததால் வரும் ஆபத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் அளவுகோலிலும் இதே குறை உண்டு. பொது இடத்தின் எல்லையில் 75 டெசிபல் (ஏ) உச்சவரம்பு. ஏ எடையிடல் 40 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 35 டெசிபலைக் கழித்துவிடுகிறது. கோயில் தெருவின் ஜன்னல்கள் அதிரும்போதும் மீட்டர் சாந்தமாக இருக்கும். அங்கே இரவு 10 மணிக்குப் பின் சப்வூஃபரை அணைப்பது பட்டறைக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய காரியம்.

சட்டம் தெளியும் வரை, ஆம்ப்ளிஃபயரைப் பார்வையில் படும்படி, காற்றோட்டமாகப் பொருத்தி, ஃப்யூஸின் ஆம்பியர், ஒயரின் கேஜ், எர்த் போட்ட இடம் மூன்றையும் பில்லில் எழுதி, வண்டியின் உடலில் வெட்டோ வெல்டிங்கோ செய்யவில்லை என்ற வரியையும் சேர்த்துக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நிறுத்தப்படும் உரிமையாளரின் கையில் அந்தக் காகிதம் இருக்கட்டும்.