தரை காயவில்லை, தேதி மட்டும் குறித்தாகிவிட்டது



போன வாரம் என் கணவரின் கைக்கட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு விசாரித்தீர்கள். மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. அவர் விழுந்தது ரோட்டில் இல்லை. எங்கள் புது வீட்டுக் கூடத்தில், மரத்தரையில். பலகை உப்பி எழும்பி நின்றது, கால்விரல் தட்டியது.

"டீச்சர், நம்ம ஊருக்கு மரத்தரை ஆகாது" என்று பலர் எழுதியிருந்தீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் பாட்டி வீட்டு மச்சுப் பலகையில் மூன்று தலைமுறை நடந்தது. கீழே காற்று புழங்கியது, ஈரம் ஏறவில்லை. குற்றவாளி மரம் அல்ல. நம் அவசரம்.

பெங்களூரில் மகன் இருக்கும் நான்காவது மாடி ஃபிளாட்டில் இதே தரை அழகாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டோம். அது பழைய கட்டடம், கீழே மூன்று மாடி. எங்கள் வீடோ காவிரிக்கரை ஊரில், மண் நிரப்பி அதன்மேல் 4 அங்குலம் கான்கிரீட் போட்ட தரைத்தளம். ஐப்பசி அடைமழையில் கான்கிரீட். மார்கழிக் கடைசியில் பலகை. ஏன்? தையில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது! 420 சதுர அடிக்கு 67,000 ரூபாய், என் ஓய்வுப் பணத்திலிருந்து.

"தரை நல்லா காஞ்சிடுச்சா தம்பி?" என்று கேட்டேன். "28 நாள் தாண்டிடுச்சும்மா, கல்லு மாதிரி இருக்கு" என்றார் பலகை போட வந்தவர். நானும் தலையாட்டினேன்.

இந்த 28 நாள் கணக்கைத்தான் இன்று போட்டு உடைக்க வேண்டும். அது கான்கிரீட்டின் பலத்துக்கான கணக்கு. ஈரத்துக்கான கணக்கு அல்ல. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து வேதிவினையால் இறுகுகிறது. அதனால்தான் கொத்தனார் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். கல்லாக இறுகிய பிறகும் மிச்சத் தண்ணீர் உள்ளேயே இருக்கும். அது மெல்ல ஆவியாகி வெளியேற வேண்டும். ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. 4 அங்குலத்துக்கு 4 மாதம், அதுவும் நல்ல காற்றும் வறட்சியும் இருந்தால். மழைக்காலத்தில் ஈரத்துணி காய்வதில்லை என்று ஐந்தாம் வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் வீட்டுத் தரைக்கு மறந்துவிட்டேன்.

அடுத்த ஏமாற்று, பெயர். கடையில் "வுட்" என்று சொல்லி விற்றது லேமினேட். மரத்தூளை நாராக்கி அழுத்திய அட்டை, மேலே மரம் மாதிரி அச்சடித்த காகிதம், அதன்மேல் தேயாத பூச்சு. தண்ணீர் குடித்தால் உப்பும், திரும்பச் சுருங்காது. என்ஜினீயர்டு வுட் என்பது வேறு. ஒட்டுப்பலகை அடுக்குகளின் மேல் நிஜ மரம், விலை கூடுதல். அதுவும் ஈரத்துக்குத் தப்பாது, ஆனால் கொஞ்சம் தாங்கும். காகிதத்தை விற்பது தப்பில்லை. காகிதம் என்று சொல்லி விற்கட்டும்!

வாரண்டி இருக்கிறதே என்பீர்கள். என் வாரண்டி அட்டையைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். ஈரத்தால் வரும் பாதிப்பு சேராதாம். எதனால் கெடுமோ அதற்கு மட்டும் வாரண்டி இல்லை.

மரத்தரை போட நினைப்பவர்கள் இதைச் செய்யுங்கள். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி நின்றாலோ தரை கறுத்திருந்தாலோ பலகையைத் தொடாதீர்கள். துளி இல்லாவிட்டாலும் ஈரம் அளக்கும் கருவியை ஒருமுறை வைத்துப் பாருங்கள். பலகைக்கு அடியில் 200 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு, இணைப்பில் 20 செ.மீ. மேலேறி இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மெல்லிய ஃபோம் மட்டும்தான் போட்டார்கள். பலகைக் கட்டுகளை 48 மணி நேரமாவது அந்த அறையிலேயே கிடத்தி வையுங்கள். சுவரை ஒட்டி 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட வேண்டும், ஸ்கர்டிங் அதை மறைத்துவிடும். எங்கள் பலகை சுவரை முட்டி நின்றது. விரிந்தபோது போக இடமில்லாமல் மேலே எழும்பியது. என் கணவரின் கையை உடைத்தது அந்த ஒரு செ.மீ. தான்.

வாளித் தண்ணீர் ஊற்றி வீடு கழுவுகிறவர்களா? உங்களுக்குச் சிவப்புச் சிமெண்ட் தரையோ டைல்ஸோ போதும். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

உங்களில் சிவில் படித்தவர்கள் இருக்கிறீர்கள், மேஸ்திரிகள் இருக்கிறீர்கள், கடை வைத்திருக்கிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம்தான் சண்டை போடுகிறேன். வீட்டுக்காரர் அவசரப்படுவார், நாள் குறித்துவிட்டேன் என்பார். "முடியாதும்மா, தரை காயல" என்று சொல்லும் தைரியம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அந்த ஒரு வார்த்தையை அன்று யாராவது சொல்லியிருந்தால் வெறும் சிமெண்ட் தரையில் பால் காய்ச்சியிருப்பேன். பால் பொங்காமலா போயிருக்கும்?

பலகையை எல்லாம் பெயர்த்தாகிவிட்டது. அடியில் கான்கிரீட் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. இந்த முறை தரை சொல்லும் தேதிக்குத்தான் வேலை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்