சுகமான துறை எது?

ஹவுஸ் சர்ஜன் முடிக்கப்போகும் பையனிடமோ பெண்ணிடமோ ஆத்தூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'அடுத்து என்ன, எம்.டி.யா எம்.எஸ்.ஸா?' என்பது. இரண்டாவது கேள்வி, 'எதுல நைட் டூட்டி இல்ல, கண்ணு?'

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டால் சில பெரியவர்களுக்குக் கோபம் வந்துவிடும். 'டாக்டர் தொழில் சேவை ஆச்சே, அதுல போய் சுகம் பாக்கலாமா?' என்பார்கள். அதே பெரியவர்கள் தங்கள் மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது, ராத்திரியில் போன் வந்தால் எழுந்து ஓடாத டாக்டராகப் பார்ப்பார்கள் என்பது வேறு கதை!

சுகம் தேடுவது பாவமா? இல்லவே இல்லை. ஐந்தரை வருடம் எம்.பி.பி.எஸ்., நுழைவுத் தேர்வுக்கு ஒன்றிரண்டு வருடம், மேற்படிப்பு மூன்று வருடம். எல்லாம் முடியும்போது வயது முப்பதைத் தொட்டிருக்கும். அதன் பிறகாவது பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் அதில் என்ன தப்பு? தூங்காத டாக்டர் நோயாளிக்கும் ஆபத்து. 1984இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் இறந்தபோது, பயிற்சி டாக்டர்களின் ஓய்வில்லாத வேலைநேரம் பெரிய விவாதமானது. கடைசியில் 2003இல் அமெரிக்கா முழுவதும் பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று உச்சவரம்பு வந்தது. இந்தியாவில் ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்ற மத்திய அரசின் உத்தரவு 1992லேயே இருக்கிறது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. 1992இன் உத்தரவு வார்டுக்குள் வந்து சேர்ந்திருந்தால் 2024இல் இப்படி ஒரு பரிந்துரைக்குத் தேவையே இருந்திருக்காது.

எனவே கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு எல்லோரும் சொல்லும் பதில்தான் இடிக்கிறது.

அமெரிக்க மாணவர்களிடம் ஒரு பழைய சூத்திரம் உண்டு. ரேடியாலஜி, ஆப்தல்மாலஜி, அனஸ்தீசியா, டெர்மடாலஜி. இந்த நான்கின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'ரோட்'. மகிழ்ச்சிக்குப் போகும் ரோடு இதுதானாம்! நம் ஊர் கவுன்சிலிங்கிலும் ரேடியாலஜியும் தோலும் முன்வரிசை ரேங்குகளிலேயே தீர்ந்துவிடுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேலை நேரம்தான் முக்கியம் என்றால் முதலில் தீர வேண்டியது அனாடமி சீட் அல்லவா? காலையில் போனால் மாலையில் வீடு. நைட் டூட்டி இல்லை, எமர்ஜென்சி இல்லை, நோயாளியின் உறவினர் சட்டையைப் பிடிக்கும் பேச்சே இல்லை. ஆனால் வருடா வருடம் காலியாகக் கிடப்பது அனாடமி, பயோகெமிஸ்ட்ரி போன்ற துறைகள்தான். 2023இல் காலியிடங்களை நிரப்புவதற்காக நீட் பி.ஜி. தகுதியைப் பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்கே இறக்கினார்கள். அதாவது தேர்வு எழுதியவர் எல்லோருமே தகுதியானவர்கள்!

ஆக, 'சுகம்' என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

1. குறைந்த நேரம்
2. நிறைந்த வருமானம்
3. வீட்டுக்கு வந்தபின் அடிக்காத போன்
4. அடி, உதை பயம் இல்லாத அறை

இந்த நான்கும் ஒரு பாடத்துக்குள்ளேயே இருப்பதாக நினைப்பதுதான் தவறு. அவற்றை முடிவு செய்வது அந்த டாக்டர் உட்காரும் ஊரும், அவருடன் வேலையைப் பங்குபோட எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும்.

ஆத்தூரையே எடுத்துக்கொள்ளலாம். சேலத்துக்குக் கிழக்கே சுமார் 50 கி.மீ. கெங்கவல்லி, தலைவாசல், கல்வராயன் மலையின் கருமந்துறை என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் முதலில் ஆத்தூர்தான். இரவு இரண்டு மணிக்கு மலையிலிருந்து ஒரு கர்ப்பிணி வருகிறார், உடனே சிசேரியன் செய்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிரசவ டாக்டர் தயாராக இருந்தாலும் மயக்க மருந்து டாக்டர் வராமல் கத்தியை எடுக்க முடியாது. அவர் இல்லாவிட்டால் அந்தப் பெண் 108இல் சேலம் போக வேண்டும், அந்த வலியோடு.

சூத்திரத்தின்படி அனஸ்தீசியா சுகமான துறை. இருபது பேர் முறைவைத்துப் பார்க்கும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அது உண்மைதான். ஷிப்ட் முடிந்தால் வீடு, தொடர்ந்து வரும் நோயாளி என்று யாரும் இல்லை. சின்ன ஊரில் ஒருவரோ இருவரோதான் என்றால்? எலும்பு முறிவு, குடல்வால், சிசேரியன் என்று ஊரில் எந்த ஆபரேஷன் நடந்தாலும் அடிக்கிற போன் அவருடையதுதான். அதே எம்.டி., அதே பட்டம், வாழ்க்கை மட்டும் வேறு. இந்தப் பற்றாக்குறையால்தான் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 18 வாரம் மயக்க மருந்துப் பயிற்சி கொடுத்து அனுப்பும் திட்டத்தையே மத்திய அரசு கொண்டுவர வேண்டியிருந்தது.

சரி, ரேடியாலஜி? ஏ.சி. அறை, இருட்டு, அமைதி. ஆனால் சேலம் மாவட்டத்தில் ஸ்கேன் அறைக்கு ஒரு வரலாறு உண்டு. பெண் சிசுக்கொலைக்கு எதிராகத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டது இந்தச் சேலத்தில்தான். 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1000 ஆண்களுக்கு இங்கே 851 பெண்கள்தான் இருந்தார்கள். கருவில் ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடைசெய்யும் சட்டம் 1994லேயே வந்துவிட்டது. ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். 'சும்மா ஒரு சாடை காட்டுங்க டாக்டர்' என்று கேட்கும் குடும்பத்தின் எதிரில் வாயைத் திறக்காமல் இருப்பதும் இந்த ஊரில் ரேடியாலஜிஸ்டின் வேலைதான். அதை எந்த மணிக்கணக்கில் சேர்ப்பது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டாக்டருக்கு ஓய்வு கிடைக்காவிட்டால் அதன் விலையை நோயாளியும் கொடுக்கிறார். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. காரணங்கள் பல. ஆனால் இரவெல்லாம் சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்க மாற்று ஆள் இல்லாத இடத்தில், பகலிலேயே ஆபரேஷனை முடித்துவிடுவது எளிதாகிவிடும் என்பதையும் மறுக்க முடியாது. டாக்டரின் தூக்கமும் தாயின் வயிற்றுத் தழும்பும் அவ்வளவு தூரம் விலகியவை அல்ல.

தீர்வு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, மூன்றாம் வகுப்புக் கணக்கு. ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ டாக்டர் ஒருவர் என்றால் தினமும் நைட் டூட்டி. நான்கு பேர் என்றால் நான்கு நாளைக்கு ஒருமுறை. நான்காவது ஆள் வந்துவிட்டால் 'கஷ்டமான' துறையும் மனிதர் வாழக்கூடிய துறையாகிவிடும். அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பில் மாநிலங்கள் தனி ஒதுக்கீடு தரலாம் என்று 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அது 50 சதவீதம். இப்படிப் படித்து வருபவர்களை ஊருக்கு ஒருவராகத் தூவிவிடாமல், ஒரே ஆஸ்பத்திரியில் நால்வராகச் சேர்த்துப் போட்டால் என்ன? தனியாகப் போனவர் இரண்டு வருடத்தில் டிரான்ஸ்பர் கேட்பார். நால்வராகப் போனவர்கள் அங்கேயே வீடு கட்டினாலும் ஆச்சரியமில்லை.

இந்தக் கணக்கு இப்போது அவசரமானது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்தது. அந்த முதல் பேட்ச்சுக்கு 2026 வாக்கில் எம்.பி.பி.எஸ். முடிகிறது. சேகோ ஆலைக்குக் கிழங்கு ஏற்றுபவரின் மகளும் அதில் இருக்கலாம். குடும்பத்தின் முதல் டாக்டர். 'நீ மட்டும் ஊருக்காகத் தூங்காதே' என்று அவரிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர் தோல் டாக்டரானாலும் ஊர் சந்தோஷப்படத்தான் வேண்டும்.

ஆனால் அவருக்குப் பிரசவம் பார்க்கத்தான் ஆசை, தனியாக மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் மட்டுமே ஸ்கேன் அறைக்குப் போகிறார் என்றால்? அது அவருடைய தேர்வு இல்லை. நைட் டூட்டிக்கு இன்னும் மூன்று பேரைப் போடாதவர்கள் அவருக்காகச் செய்த தேர்வு.